மாறிய தெருவும் மாற்றிய கையும்

ஒரு தெருவின் பழைய நிழற்படத்தையும் அதே தெருவின் இன்றைய தோற்றத்தையும் அருகருகே வைத்து நோக்கும் வழக்கம் எங்கும் பரவியுள்ளது. நூல்களிலும் நாட்காட்டிகளிலும் கண்காட்சிகளிலும் ‘அன்றும் இன்றும்’ என்னும் தலைப்பின்கீழ் இத்தகைய படங்கள் இடம்பெறுகின்றன. மாட்டுவண்டி நின்ற இடத்தில் பேருந்து நிற்பதையும், திண்ணையோடு கூடிய ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடிக்கடை எழுந்திருப்பதையும் கண்டு மக்கள் வியக்கின்றனர், முதியோர் பெருமூச்செறிகின்றனர். ‘எவ்வளவு மாறிவிட்டது!’ என்று கூறிவிட்டு அடுத்த படத்தை நோக்கிச் செல்கின்றனர். எவருக்கும் தீங்கு விளையாத பொழுதுபோக்காகவே இது கொள்ளப்படுகின்றது. ஆயினும் ‘மாறிவிட்டது’ என்னும் அச்சிறு சொல் ஓர் அறத்தீர்ப்பினையும் தன்னுள் அடக்கியிருக்கின்றதா என்பது ஆராயத்தக்கதாகும்.

தமிழிலக்கணம் வினைகளைத் தன்வினை, பிறவினை என வகுக்கும். ‘மாறியது’ என்பது தன்வினை. ‘மாற்றினர்’ என்பது பிறவினை. ‘அகன்றனர்’ என்பதற்கும் ‘அகற்றினர்’ என்பதற்கும் இடையே சிறிய எழுத்து வேறுபாடே உண்டு. ஆனால் அவ்வேறுபாட்டினுள் ஒருவனுடைய பொறுப்பு முழுவதும் அடங்கியுள்ளது. இரு படங்களை ஒப்பிட்டு நோக்குவோன் பெரும்பாலும் தன்வினையிலேயே பேசுகின்றான். படங்களும் அவனுக்கு அதனையே கற்பிக்கின்றன. முதற்படம் ஒரு நிலையைக் காட்டுகின்றது. இரண்டாம் படம் மற்றொரு நிலையைக் காட்டுகின்றது. முன்னதைப் பின்னதாக்கிய செயலோ இரண்டிலும் இல்லை. செய்தவன் இரு படங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்து, தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகின்றான். இவ்வுண்மையைப் புத்தளக் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், நிழற்படம் என்னும் சாட்சியின் இயல்பை அறிதல் வேண்டும். தெருக்காட்சி ஒன்றைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் ஒன்று 1838 ஆம் ஆண்டில் பிரான்சிய நாட்டவரான டாகுவேர் பாரிஸ் மாநகரில் எடுத்ததாகும். படம் பதிவதற்கு அக்காலத்தில் பல நிமிடங்கள் சென்றன. ஆதலின் அப்பெருந்தெருவில் ஓடிய வண்டிகளும் நடந்த மாந்தரும் தகட்டில் பதியவில்லை. சப்பாத்தினைத் துலக்குவித்தற்காக ஓரிடத்தில் அசையாது நின்ற ஒருவனுடைய உருவமே தெளிவாகத் தெரிகின்றது. மக்கள் நிறைந்த தெரு ஆளற்ற தெருவாகக் காட்சியளிக்கின்றது. படம் பொய் கூறவில்லை. எனினும் உண்மையைக் கூறியது என்றும் சொல்லுதற்கில்லை. நின்றோரைக் காட்டிச் சென்றோரை விடுவது நிழற்படத்தின் பிறவிக்குணம் எனலாம்.

படம் எவருடைய வேண்டுகோளின்பேரில் எடுக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. பாரிஸின் பழைய ஒடுங்கிய தெருக்களை 1860களில் ஷார்ல் மாவில் என்பார் நகராட்சியின் பொருட்டுப் படம்பிடித்தார். அத்தெருக்களை இடித்து அகன்ற சாலைகளை அமைக்க முனைந்ததும் அதே ஆட்சியே. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சந்துகளை 1868 ஆம் ஆண்டு தொடக்கம் தொமஸ் அனன் படமெடுத்தார். அவரைப் பணித்ததும் அச்சந்துகளை அகற்றுதற்கென அமைந்த நகரச் சீர்திருத்த அமைப்பே. அழிக்கவிருந்தோரே ஆவணமும் செய்தனர். அவர்களின் நோக்கம் முற்றிலும் தீயதென்று கூறவியலாது. அச்சந்துகளில் நோயும் நெருக்கடியும் மிகுந்திருந்தன. ஆனால் அங்கிருந்து அகற்றப்பட்டோர் எங்கே சென்றனர் என்பதை அப்படங்களை எத்துணைமுறை நோக்கினும் அறிய முடியாது.

இலங்கையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் படநிலையங்கள் சிறந்து விளங்கின. 1890 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் இலங்கைக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக்கி உலகெங்கும் பரப்பியது. கொழும்புத் துறைமுகம், கண்டிக் குளக்கரை, தேயிலைத் தோட்டம், அநுராதபுரச் சிதைவு என்பனவே இத்தகைய நிலையங்கள் பெரிதும் விரும்பிய பொருள்கள். வாங்குவோர் எதனை விரும்பினரோ அதுவே படமாயிற்று. உப்பளத்தில் வாரியிழுத்த கூலியாளும், களப்பில் வலைவீசிய மீனவனும், கொப்பரை உலர்த்திய பெண்ணும் ‘காட்சி’யாகக் கருதப்பட்டபோதன்றித் தம்பொருட்டுப் படமாகவில்லை. எனவே ‘அன்று’ என நம்முன் வைக்கப்படுவது அன்றைய நாளின் முழுமையன்று. அன்று விலைபோன ஒரு துண்டேயாம்.

இவ்விடத்துக் கற்பிட்டியில் 1807 ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டியை நினைவுகூர்தல் பொருத்தமாகும். தமிழ்ப் புலவர் வரலாற்றைக் கூறும் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலை 1859 ஆம் ஆண்டில் வெளியிட்டவராகவே அவரைத் தமிழுலகம் பெரிதும் அறியும். அதற்குக் கால் நூற்றாண்டின் முன்னரே, 1834 இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விளக்கும் ‘சிலோன் கசெற்றியர்’ என்னும் நூலை அவர் வெளியிட்டிருந்தார். டாகுவேரின் கண்டுபிடிப்பு உலகிற்கு அறிவிக்கப்பட்டதோ 1839 ஆம் ஆண்டிலாகும். நிழற்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்படுமுன்னரே தன் நாட்டைச் சொற்களாற் பதித்துவைத்தவர் இக்கடற்கரையின் மைந்தர் ஒருவர் என்பது சிந்திக்கத்தக்கது. சொல்லுக்குப் படத்தின் தெளிவு இல்லை. ஆனால் படத்திற்கில்லாத ஓர் ஆற்றல் சொல்லுக்குண்டு. யார், யாரை, எப்பொழுது, எதன்பொருட்டு என வினவி விடைகூறச் சொல்லாலேதான் முடியும். படத்திற்கு எழுவாயும் பயனிலையும் இல்லை.

இனிப் புத்தளக் கடற்கரையில் நிகழ்ந்த மாற்றங்களை வகைப்படுத்தி நோக்கலாம். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரை ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் வெட்டியும் திருத்தியும் அமைக்கப்பட்ட வாய்க்காலில் முன்னர்ச் சரக்குப் படகுகள் சென்றன. 1926 ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை புத்தளத்தை அடைந்தது, பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின, படகுகள் குறைந்தன. வாய்க்காலின் பழைய படத்தையும் புதிய படத்தையும் நோக்கி ‘மாறியது’ என்று கூறின் அது பெரிதும் பிழையாகாது. படகோட்டியின் தொழில் நலிந்தது உண்மையே. எனினும் அவனை நலிவிக்க எவரும் கருதினாரல்லர். பல்லாயிரவர் தத்தம் வசதியை நாடியதன் விளைவே அது.

1980களிற் களப்பின் ஓரங்களில் இறால் வளர்ப்புப் பண்ணைகள் பெருகின. கண்டற்காடுகள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில் நோய் பரவியபின் பல குளங்கள் கைவிடப்பட்டன. இங்கே ‘காடு அழிந்தது’ என்று கூறுதல் போதாது. இலாபம் கருதி வெட்டியவரும் அதனை அனுமதித்தவரும் உளர். ஒருவரைச் சுட்டிக் குற்றம் சாட்டுவது அரிதாயினும், பொறுப்பு இல்லையென்று கூறவியலாது. நுரைச்சோலையில் 2011 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 2014 ஆம் ஆண்டில் 900 மெகாவாற்று ஆற்றலுடன் நிறைவுற்ற நிலக்கரி மின்நிலையமோ வேறு வகையினது. அது வெளிப்படையான அரசமுடிபின் பயன். ஆதலின் அதன் நன்மை தீமைகளுக்கு விடைகூறக் கடமைப்பட்டோரை எளிதிற் சுட்டமுடியும். கடற்கரையின் பழைய படத்திற்கு அருகே புகைபோக்கி நிமிர்ந்து நிற்கும் புதிய படத்தை வைப்போன் இம்மூவகை மாற்றங்களையும் ஒரே ‘மாறிவிட்டது’ என்னும் சொல்லால் அளந்துவிடுகின்றான்.

படத்தில் எவ்வாற்றானும் பதியாத மாற்றமும் ஒன்றுண்டு. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோர ஊர்களில் ஒருகாலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடிகள் பல, இருபதாம் நூற்றாண்டினூடே சிங்கள மொழிக்கு மாறின. முதியோர் சிலர் நாவில் இன்றும் தமிழ் உண்டு. இளையோர் பலருக்கு அது இல்லை. அவ்வூர்களின் ஒரு தெருவை எழுபது ஆண்டு இடைவெளியிற் படமெடுப்பின் அதே தேவாலயம், அதே தென்னை, அதே வள்ளம், அதே முகச்சாயல் ஆகியவற்றைக் காணலாம். ‘ஒன்றும் மாறவில்லை’ என்றே எவரும் கூறுவர். தாய் பிள்ளையை விளிக்கும் மொழியே மாறியிருப்பதைப் படம் அறியாது. பள்ளிக்கூடம், கோயில், அரசகருமம், பிழைப்பு ஆகிய பலவும் கூடி விளைத்த அம்மாற்றத்தில், விருப்பத்தால் மாறியது எவ்வளவு, நெருக்கத்தால் மாற்றப்பட்டது எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று. இரண்டும் கலந்துள்ளன என்பதை ஏற்றுக்கொள்வதே நேர்மையாகும்.

ஆனால் எவ்விதக் கலப்பும் ஐயமும் இல்லாத மாற்றமும் இக்கடற்கரையோடு தொடர்புடையது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் வெளியேற்றியது. யாழ்ப்பாண நகரில் அம்மாதம் 30 ஆம் நாள் ஒலிபெருக்கிமூலம் மக்கள் அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு அகலும்படி கட்டளையிடப்பட்டனர். உடுத்த உடையும் சிறுதொகைப் பணமும் கொண்டு, நகையும் உறுதிப்பத்திரமும் வீடும் வணிகமும் விட்டு அவர்கள் நீங்கினர். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் எனக் கணிக்கப்படும் அம்மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கலாயினர். தில்லையடி, ஆலங்குடா, பாலாவி முதலிய இடங்களில் தென்னோலைக் கொட்டில்கள் எழுந்தன. காலப்போக்கிற் கொட்டில்கள் கல்வீடுகளாயின. போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தபின் ஒரு பகுதியினர் வடக்கே மீண்டனர்; பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர்.

இந்நிகழ்ச்சி இரு சோடிப் படங்களைத் தோற்றுவிக்கின்றது. முதற் சோடி யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிற்குரியது. ஒரு படத்திற் கடைகளும் மக்களும் பள்ளிவாசலுக்குச் செல்வோரும் உள்ளனர்; மற்றதிற் கூரை மரமும் கதவு நிலையும் கழற்றப்பட்டுப் புதர் மண்டிய வீடுகள் உள்ளன. இரண்டாம் சோடி புத்தளத்திற்குரியது. ஒரு படத்தில் வெறும் மணற்பரப்பும் தென்னந்தோப்பும் உள்ளன. மற்றதில் நெருங்கிய வீடுகளும் நீர்க்குழாயைச் சூழ்ந்த கூட்டமும் உள்ளன. ஒரே செயல் ஓரிடத்தை வெறுமையாக்கிற்று, மற்றோரிடத்தை நிறைத்தது. இரு சோடிகளையும் ஒருசேரக் காண்போர் சிலர்; பெரும்பாலோர் தமக்கு அண்மையிலுள்ள ஒன்றையே காண்கின்றனர்.

இங்கேதான் ஒப்பீடு தீங்காக மாறுகின்றது. புத்தளத்தின் பழைய குடிகள், தாமும் வறியராயிருந்தும், வந்தோர்க்கு முதலில் உணவும் நிழலும் கொடுத்தனர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பள்ளிக்கூட இடமும் கிணற்று நீரும் கூலிவேலையும் நிலமும் பங்கிடப்படவேண்டியனவாயின, மனத்தாங்கல்களும் தோன்றின. தம்மூரின் இரு படங்களை மட்டும் நோக்கும் ஒருவன், ‘முன்னர் எமது ஊர் அமைதியாயிருந்தது, இவர்கள் வந்தனர், நெருக்கடி வந்தது’ என்று எண்ணுதல் இயல்பே. ஏனெனில் இரண்டாம் படத்தில் அவன் கண்ணுக்குத் தெரிவோர் அவர்களே. செய்தவன் படத்தில் இல்லாதபோது பழி படத்தில் உள்ளவன்மேல் விழுகின்றது. வெளியேற்றப்பட்டவன் முதற் சோடியிற் காணாமற்போய், இரண்டாம் சோடியிற் குற்றவாளியாகத் தோன்றுகின்றான். இதனினும் கொடிய இரட்டை அநீதி வேறில்லை.

தமிழ் வாசகர் தம்மைத்தாமே சோதித்துக்கொள்வதற்கும் இங்கே இடமுண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படங்களை அறியாதார் இலர். 1981 ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதி இரவில் மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பொலிசாரும் அவரோடு சேர்ந்த காடையரும் செய்த அச்செயலின் பின்னர் எடுக்கப்பட்ட கருகிய சுவர்களின் படத்தைக் காணும் தமிழர் எவரும் ‘நூலகம் எரிந்தது’ என்று கூறி அமைவதில்லை. ‘எரித்தனர்’ என்றே கூறுகின்றனர். அது முறையே. தன்வினையாற் கூறுவோனை அவர்கள் உடனே மறுப்பர், மறுக்கவும் வேண்டும். ஆனால் சோனகத் தெருவின் வெறும் வீடுகளைக் காணும்போது அவர்களுட் பலர் ‘முஸ்லிம்கள் போய்விட்டனர்’, ‘வெளியேறினர்’, ‘இடம்பெயர்ந்தனர்’ என்கின்றனர். சற்று மனம் நொந்தோர் ‘வெளியேற்றப்பட்டனர்’ என்பர். அச்செயப்பாட்டு வினையும் செய்தவன் பெயரை வெளியிடாது காக்கும் ஒரு திரையே. தமக்கு நேர்ந்த தீங்கிற்குப் பிறவினையும் தம்மவர் செய்த தீங்கிற்குத் தன்வினையும் வழங்குவோரின் பிழை இலக்கணப் பிழையன்று; அறப்பிழையாகும். இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிங்களவரிடத்தும் பிறரிடத்தும் உண்டு. எனினும் பிறரிடத்தும் உண்டென்பது எவர்க்கும் விலக்களிப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ‘செய்தவரைப் பெயர்கூறிச் சுட்டிக்கொண்டேயிருப்பின் பகை ஆறுமா? காலம் மூடிய புண்ணைக் கிளறுவது ஏன்? பழைய படத்தைக் கண்டு இரங்கி அமைவதே நல்லதன்றோ?’ என்பர். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. வினைமுதலைத் தேடும் முயற்சி பழிவாங்கும் முயற்சியாகத் திரிவதும் உண்டு. ஓர் இயக்கம் செய்ததை ஓர் இனம் முழுவதன்மேலும் சுமத்துவாரும் உளர். ஆயினும் அத்தீங்கிற்கு மருந்து எழுவாயை மறைப்பதன்று. சரியான எழுவாயைக் கூறுவதேயாம். ‘தமிழர் விரட்டினர்’ என்பது பிழை. ‘யாரோ விரட்டினர்’ என்பதும் பிழை. கட்டளையிட்டவர் யார், நிறைவேற்றியவர் யார், கண்டு வாய்மூடி நின்றோர் யார், தடுக்க எண்ணி இயலாதோர் யார், அயலவன் வீட்டுச் சாவியை வாங்கிப் பாதுகாத்தோர் யார் எனப் பிரித்துக் கூறும்போது பகை பெருகுவதில்லை. அதற்கு எல்லை வகுக்கப்படுகின்றது. செய்தவன் பெயர் தெளிவாயிருக்குமிடத்துச் செய்யாதவன் அஞ்ச வேண்டுவதில்லை.

மற்றொரு பிழையும் விலக்கத்தக்கது. பழைய படத்தில் உள்ளோரே ஊருக்குரியர், இல்லாதோர் வந்தேறிகள் எனக் கருதுவதே அது. இபுனு பத்தூத்தா 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபோது ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட துறைநகர் புத்தளமே என்பது அறிஞர் கொள்கை. பின்னர்ப் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கற்பிட்டியிற் கோட்டை கட்டினர், ஆங்கிலேயர் ஆண்டனர். ஒவ்வொரு காலத்தும் வணிகம் நாடியும் பஞ்சம் தப்பியும் சமயம் பரப்பியும் மக்கள் வந்துசேர்ந்தனர். எந்த ஆண்டின் படத்தை எடுத்துக்கொண்டாலும் அது வேறொருவருக்குப் ‘பின்’னே ஆகும். படம்பிடிக்கும் கருவி கண்விழித்த கணத்தை உரிமையின் தொடக்கமாகக் கொள்வது நியாயமன்று. தில்லையடியிற் பிறந்து வளர்ந்து இன்று தானும் தாயாகியுள்ள ஒருத்திக்கு அவ்வூரின் பழைய படத்தில் இடமில்லை. சோனகத் தெருவின் புதிய படத்திலும் இடமில்லை. படத்தில் இடமில்லாதவளுக்கு மண்ணிலும் இடமில்லை என்று கூறுவோர் நிழற்படத்தைச் சாட்சியாகவன்றி நீதிபதியாகவே அமர்த்திவிடுகின்றனர்.

அவ்வாறாயின் இவ்வொப்பீட்டையே கைவிடல் வேண்டுமா? வேண்டியதில்லை. பழைய படத்தைக் காணும்போது எழும் பெருமூச்சு, இழந்தது ஒன்று உண்டென்பதை நெஞ்சு அறிந்துகொண்டதன் அடையாளமாகும். அதுவே வினாவாகத் தொடருமாயின் பயனுண்டு. வெளியேற்றப்பட்டோர் பலரிடத்துத் திருமணப் படமோ பெற்றோர் படமோ எஞ்சவில்லை. அவையும் பூட்டிய வீட்டினுள் அழிந்தன. அத்தகையோருக்கு ஓர் அஞ்சலட்டையில் தூரத்தே தெரியும் தம் தெருமுனையும் விலைமதிப்பற்றதே. ஆதலின் பழைய படங்களைத் தேடித் தொகுத்தலும் காத்தலும் நற்பணியென்பதில் ஐயமில்லை. அதனோடு படத்தின்கீழ் எழுதப்படும் வாசகமும் அதே கவனத்தோடு எழுதப்படல் வேண்டும்.

ஊரின் பெயரும் ஆண்டும் மட்டும் எழுதினாற் போதாது. இரு படங்களுக்கும் நடுவே வெறுமையாக விடப்படும் அச்சிறு இடைவெளியில் ஒரு வாக்கியம் எழுதப்படல் வேண்டும். அவ்வாக்கியத்திற்கு எழுவாய் இருத்தல் வேண்டும். காற்றும் கடலும் மாற்றியிருப்பின் அவ்வாறே எழுதுக. வணிகமும் வசதியும் மாற்றியிருப்பின் அதனை எழுதுக. கட்டளை மாற்றியிருப்பின் கட்டளையிட்டவர் பெயரை எழுதுக. புத்தளக் களப்பின் கரையிலே நிற்கும் ஒரு வீட்டின் படத்தின்கீழ், ‘1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஒரு குடும்பம் கட்டியது, விரட்டியோர் விடுதலைப் புலிகள், குடியமர நிலம் விட்டோர் இவ்வூரார்’ என்று எழுதப்படுமாயின், அதனைப் படிக்கும் அவ்வூர்ச் சிறுவன் தன் அயல்வீட்டாரை நெருக்கடியாகக் காணமாட்டான். அவர்கள் எவ்வாறு அயல்வீட்டாராயினர் என்பதையும், தன் பாட்டனார் அந்நாளில் யாதுசெய்தார் என்பதையும் அறிவான்.

தெரு தானாக மாறுவது சிறிதே, மாற்றப்படுவதே பெரிது. அதனை மாற்றிய கை எப்படத்திலும் விழுவதில்லையாதலின், அக்கையைச் சொல்லாற் சுட்டும் கடமை காண்போனுடையதாகின்றது. அக்கை தன்னவரின் கையாயிருக்கும்போதும் அதே சொல்லைத் தயங்காது வழங்குவோனே பழைய படத்தை நேர்மையாக நோக்கியவன் ஆவான்.